வளர்த்த கடா

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் அடங்கிய பிறகு நடுநிசி வரையில் விழித்திருந்து, இங்கிலாந்தில் நடக்கும் கால்பந்துப் பந்தயங்களை டெலிவிஷனில் பார்ப்பது அவருக்கு ஒரு வியாதி. மறுநாள் காலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அவற்றைப் பற்றி எனக்கு உபந்நியாசம் செய்வது இன்னொரு வியாதி. முதல் வியாதி அவரோடு போகிறது. இரண்டாவது என்னையும் பிடித்துக்கொண்டது. அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

சென்ற வாரம் அவர் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு கிளப்பில், ஏதோ ஓர் ஆட்டக்காரர் தம் மானேஜரோடு சண்டை போட்டுக்கொண்டாராம். அவரை விற்றுவிடப் போகிறார்களாம். எந்தக் கிளப், எந்த ஆட்டக்காரர் என்பது முக்கியமில்லை. ஆடி மாதம் காற்றடிப்பதுபோல வருஷம் தவறாமல் நடக்கிற சங்கதி இது.

“பார்த்தீர்களா சார், வளர்த்த கடா மார்பில் பாய்கிறதை! பதினாறு வயசிலே அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, சோறு போட்டு, ஆட்டம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கினவர் அவர். இன்றைக்கு அவரையே எதிர்த்துப் பேசுகிறான், நன்றி கெட்டவன்!”

நான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். மானேஜர் ‘அவர்’, ஆட்டக்காரர் ‘அவன்’. நம் பாஷையில் இந்த ஒரு விகுதியிலேயே வழக்கு விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. இரண்டாவது, அந்தப் பழமொழி. வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று ஆயிரம் வருஷமாக அங்கலாய்க்கிறோமே, அந்தக் கடாவை எதற்காக வளர்த்தோம் என்று யாராவது கேட்டதுண்டா? ஒன்று வெட்டுவதற்கு, இல்லையென்றால் விற்பதற்கு. அது தெரிந்த பிறகு கடா பாய்ந்தால், அதை நன்றி கெட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதை நான் சொன்னதும் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபத்தைத் தணிக்க நான் முயலவில்லை. மாறாக, அவருடைய சொந்தக் கதையையே அவருக்கு ஞாபகப்படுத்தினேன். உத்தியோகத்தில் இருந்தபோது மேலதிகாரி ஒருவரோடு மனஸ்தாபம் ஏற்பட்டு, அவரைத் தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றலை எதிர்த்து மகஜர் மேல் மகஜர் எழுதினார். இன்றும் அந்த அதிகாரியின் பெயரைச் சொன்னால் அவர் கை நடுங்கும். “உங்களுக்குச் சோறு போட்டது சர்க்கார்தானே, சார்? நீங்கள் எதிர்த்தது மட்டும் தன்மானமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

மாற்றல் என்ற ஒரே சொல்லைத்தான் இரண்டுக்கும் வழங்குகிறோம். ஆனால் குமாஸ்தாவின் மாற்றலுக்கும் கால்பந்து ஆட்டக்காரரின் மாற்றலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குமாஸ்தாவை மாற்றும்போது யாரும் அவருக்கு விலை பேசுவதில்லை. ஆட்டக்காரரை விற்கிறார்கள். மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியும், தரகனுக்குத் தெரியும். மாட்டுக்கு மட்டும் தெரியாது. பேரம் படிந்ததும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கால்பந்துச் சந்தையில் அதற்கு வைத்தியப் பரிசோதனை என்று பெயர். 2017-ல் பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்குப் போன நெய்மாருக்கு விலை 222 மில்லியன் யூரோ. விலை உயர்ந்தது என்பதற்காகச் சந்தை சந்தையில்லாமல் போய்விடுமா?

மானேஜர் என்றால் கணக்குப் பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் வெகு காலமாக மானேஜர் என்பவர் ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் குரு. சனிக்கிழமை யார் ஆடுவது என்று நிர்ணயிக்கும் நீதிபதி. யாரை வாங்குவது, யாரைத் தள்ளுவது என்று சொல்லும் வியாபாரி. மூன்றும் ஒரே ஆள். அவருக்குப் பிடிக்காதவர் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் பத்துப் பதினைந்து வருஷம். முப்பத்தைந்து வயதில் பெரும்பாலோருக்கு எல்லாம் முடிந்துவிடும். அதில் ஒரு வருஷத்தைப் பெஞ்சில் கழிப்பதென்றால், நம்மைப் போன்றவர்கள் நாலைந்து வருஷம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காருவதற்குச் சமம். ஆகவே மானேஜருக்கும் ஆட்டக்காரருக்கும் நடப்பது சரிசமமானவர்களின் சண்டை அல்ல. ஒருவர் கையில் கத்தி இருக்கிறது. இன்னொருவர் கையில் வாய் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாயைத் திறந்ததற்குத்தான் நன்றி கெட்டவன் என்ற பட்டம்.

இப்போது ஒரு பழைய கதை சொல்கிறேன். இதை என் நண்பரைப் போன்ற ரசிகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்று ஓர் ஆட்டக்காரர். 1956-ல் நியூகாசில் யுனைடெட் கிளப்பில் சேர்ந்தார். மெல்லிய தேகம், நுட்பமான கால். கிளப்போடு அவருக்குத் தகராறு வந்தது. கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்றார். ஏற்பாடு செய்து தந்த உபரி வேலை சரியில்லை என்றார். இங்கிலாந்தின் இளைஞர் அணிக்கு ஆடப் போகவிடாமல் தடுக்கப் பார்க்கிறார்கள் என்றார். 1960-ல் ஒப்பந்தம் முடிந்தது. புதிதாகக் கையெழுத்துப் போட மறுத்து, என்னை வேறு கிளப்புக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றது கிளப்.

ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே, போகிறேன் என்று போக வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அன்றைய விதிப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் பெட்டியிலேயே இருக்கும். கிளப் அவரைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். அவர் புது ஒப்பந்தத்துக்கு இசையாவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை. ஆனால் லீக்கில் வேறு எந்தக் கிளப்பும் அவரைத் தொடக் கூடாது. ஆட விடவும் மாட்டேன், அனுப்பவும் மாட்டேன், சோறும் போட மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த விதி இது. அதோடு சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு. 1960-ல் எத்தனை பெரிய ஆட்டக்காரரானாலும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கிடையாது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து பார்த்த மனிதருக்கு வாரக்கூலி இருபது பவுண்டு!

ஈஸ்ட்ஹாம் என்ன செய்தார்? பந்தை விட்டுவிட்டு இங்கிலாந்தின் தெற்கே போனார். குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரிடம் தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். ஆமாம், புட்டிக்கு அடைக்கிற தக்கைதான். நாட்டுக்காக ஆடத் தகுதி படைத்த கால்கள் தக்கை விற்பதற்காகக் கடைகடையாக ஏறி இறங்கின. மாதங்கள் ஓடின. கடைசியில் கிளப் இறங்கி வந்து, 1960 நவம்பரில் 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது.

சாதாரண மனிதராக இருந்தால் இதோடு நிறுத்தியிருப்பார். கேட்டது கிடைத்துவிட்டது, இனி ஏன் வம்பு? ஈஸ்ட்ஹாம் நிறுத்தவில்லை. ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் பின்னால் நிற்க, கோர்ட்டுக்குப் போனார். தம் காரியம் முடிந்த பிறகு மற்றவர்களுக்காகக் கோர்ட்டுப் படி ஏறிய இந்த மனிதரைத்தான் அந்தக் காலத்திலும் பலர் நன்றி கெட்டவன் என்றிருப்பார்கள். 1963 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரரை இப்படிப் பிடித்துவைப்பது ஒரு மனிதன் தன் தொழிலைச் செய்வதற்கு நியாயமற்ற தடை என்று நீதிபதி வில்பர்போர்ஸ் எழுதினார். இந்த வழக்கத்துக்குப் பழகி மனசு மரத்துப்போகாத எவருக்கும் இது மனிதத்தன்மையற்றதாகவும், ஒரு தேசிய விளையாட்டின் ஆத்மாவுக்குப் பொருந்தாததாகவுமே தோன்றும் என்பது அவர் கருத்து. அடிமை வியாபாரத்தை ஒழிக்க வாழ்நாள் முழுவதும் பார்லிமெண்டில் வாதாடிய வில்லியம் வில்பர்போர்ஸ், இந்த நீதிபதியின் பாட்டனுக்குப் பாட்டன். நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு பொருத்தத்தை என் நாவலில் வைத்தால், நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் கிழித்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பாத்திரமும் உண்டு. ஈஸ்ட்ஹாம் போராடிய காலத்தில் நியூகாசிலின் மானேஜராக இருந்தவர் சார்லி மிட்டன். இந்த மிட்டன் யார் தெரியுமா? 1950-ல் மாஞ்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டக்காரர். அப்போதைய உச்சவரம்பு வாரம் 12 பவுண்டு. அதைப்போலப் பல மடங்கு தருகிறோம் என்று கொலம்பியா நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. இங்கிலாந்தின் விதி எட்டாத பொகோட்டா நகரத்துக்குப் போய்விட்டார்! திரும்பி வந்தபோது அபராதம் விதித்தார்கள். ஆறு மாதம் ஆடக் கூடாது என்றார்கள். பிறகு வேறு கிளப்புக்கு விற்றார்கள். கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, பிடிபட்டு, அடிபட்ட அந்த மனிதரே பத்து வருஷம் கழித்து மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு எதிரே, கட்டுப்பட்ட இன்னொருவர் நின்றார்.

மாமியாரும் ஒரு வீட்டு மருமகளே என்று நம் பெண்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

வேண்டுமென்றால் இன்னொன்றும் தருகிறேன். என் நண்பரின் குலதெய்வமான அலெக்ஸ் பெர்குசன். 1986 முதல் 2013 வரை மாஞ்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜராக இருந்து சாம்ராஜ்யம் நடத்தியவர். மேதை, மறுக்கவில்லை. 2003 பிப்ரவரியில் தம் மைதானத்திலேயே ஆர்சனலிடம் 2-0 என்று தோற்ற கோபத்தில், உடை மாற்றும் அறையில் கிடந்த ஒரு பூட்ஸை உதைத்தார். அது டேவிட் பெக்காமின் கண்ணுக்கு மேல் பட்டு ரத்தம் வந்தது. தையல் போட்டார்கள். அதே கோடையில் பெக்காம் விலைக்குப் போனார். சிறு பிராயத்தில் கிளப்பில் சேர்ந்து, அங்கேயே வளர்ந்து பெரியவரானவர் அவர். மானேஜரைவிடத் தான் பெரியவன் என்று ஓர் ஆட்டக்காரன் நினைத்துவிட்டால் அவன் போக வேண்டியதுதான் என்று பெர்குசன் பிற்பாடு தம் சுயசரிதையில் எழுதினார். பூட்ஸை உதைத்தவர் இருந்தார்; பூட்ஸ் பட்டவர் போனார்.

அவ்வளவு கண்டிப்பான இந்தப் பெர்குசனின் வாலிபக் கதை என்ன? 1969-ல் அவர் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஆட்டக்காரர். ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதிப் பந்தயத்தில் செல்டிக்கிடம் 4-0 என்று தோற்றார்கள். பழி அவர் தலையில் விழுந்தது. அவரைச் சின்னப் பையன்களின் அணியோடு ஆட வைத்து அவமானப்படுத்தினார்கள். அந்த வருஷமே அந்தக் கிளப்பை விட்டுப் போனார். அந்த அவமானம் அவருக்கு மறந்திருக்காது. ஆனாலும் நாற்காலி கிடைத்ததும் என்ன நடந்தது என்று பார்த்தோம்.

ஆகவே நான் மிட்டனையும் திட்டவில்லை, பெர்குசனையும் திட்டவில்லை. நல்லவர், கெட்டவர் என்ற பேச்சே இதில் இல்லை. யாரை உட்கார வைத்தாலும் அந்த நாற்காலி அப்படித்தான் பேசும். அதனால்தான் மனிதர்களின் நல்ல குணத்தை நம்பிக்கொண்டிராமல் சட்டத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஈஸ்ட்ஹாமும் அவருக்குப் பின் வந்தவர்களும் போராடியதால் என்ன லாபம் என்பதற்குப் பெக்காமே சாட்சி. 2003 ஜூனில் மாஞ்செஸ்டர் கிளப், பார்சிலோனாவின் தலைவர் தேர்தலில் நின்ற ஓர் அபேட்சகரோடு பேரம் பேசி, அவர் ஜெயித்தால் பெக்காம் அங்கே போவார் என்று ஊரறிய அறிவித்தது. விற்கப்படுகிறவரைக் கேட்கவில்லை. தேர்தல் ஆட்டத்தில் தன்னைக் காயாக நகர்த்தியிருக்கிறார்கள் என்று பெக்காம் தரப்பில் வருத்தப்பட்டார்கள். அங்கே போகவும் மறுத்து, தாம் விரும்பிய ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். மறுக்கிற அந்த ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு விலை கொடுத்தவர் தக்கை விற்ற மனிதர்.

இனி எதிர்க்கட்சிக்காரர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

‘கோடி கோடியாகச் சம்பாதிக்கிறவனுக்கு நீ ஏன் கண்ணீர் விடுகிறாய்?’ என்பது முதல் வாதம். ஐயா, நான் கண்ணீர் விடவில்லை, நியாயம் பேசுகிறேன். நியாயம் பணப்பையின் கனத்தைப் பார்த்துக் கூடவோ குறையவோ செய்யாது. மேலும் கோடி சம்பாதிக்கிறவர்கள் சிலர். பத்திரிகையில் பெயர்கூட வராதவர்கள் ஆயிரம் பேர். பெல்ஜியத்தில் லியேஜ் கிளப்பில் ஜான்-மார்க் பாஸ்மான் என்று ஒருவர் ஆடினார். 1990-ல் அவர் ஒப்பந்தம் முடிந்தபோது, மாதம் 1,20,000 பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இனி 30,000 தருகிறோம் என்றது கிளப். மாட்டேன் என்றார். அப்படியானால் உன் விலை ஒரு கோடியே பதினேழு லட்சம் பிராங்குக்கு மேல் என்றது அதே கிளப். யோசித்துப் பாருங்கள்: கூலி கொடுக்கும்போது அவர் கால் பங்குக்குத்தான் பெறுவார்; விற்கும்போது கோடி பெறுவார்! பிரான்ஸுக்குப் போக அவர் செய்த ஏற்பாடும் கிளப்பினால் கெட்டது. ஐந்து வருஷம் வழக்கு நடத்தினார். ஒப்பந்தம் முடிந்தவருக்கு ஐரோப்பிய நாடுகளிடையே விலை கேட்கக் கூடாது என்று 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்தவர்கள் கோடீஸ்வரர்களானார்கள். பாஸ்மானோ குடியிலும் வறுமையிலும் வெகுவாகக் கஷ்டப்பட்டார்.

‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் அதற்குக் கட்டுப்பட வேண்டாமா?’ என்பது இரண்டாவது வாதம். வேண்டும். நிச்சயமாக வேண்டும். சனிக்கிழமை யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் உரிமை மானேஜருடையது. அதையும் நான் மறுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் சொல்லவில்லை. 2011 செப்டம்பரில் மியூனிக் நகரத்தில் டெவெஸ் களத்தில் இறங்க மறுத்துவிட்டார் என்று மாஞ்செஸ்டர் சிட்டியின் மானேஜர் மான்சினி சொன்னார். மறுக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று டெவெஸ் சொன்னார். இனி இவர் எனக்கு வேண்டாம் என்று மான்சினி அறிவித்தார். டெவெஸ் தம் ஊருக்குப் போய்ச் சில மாதம் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கலாம். ஆனால் முடிவு என்ன? 2012 மார்ச்சில் அதே டெவெஸ் அதே மான்சினிக்காக மீண்டும் ஆடினார். மே மாதம் அந்த அணி லீக் பட்டத்தை வென்றது. மனிதர்களாக நடந்துகொண்டால் எந்தச் சண்டையும் தீரும்.

ஒப்பந்தம் இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தியாக இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. லசானா டியாரா என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் மாஸ்கோவில் லோகோமோட்டிவ் கிளப்பில் ஆடினார். கோச்சோடு மனஸ்தாபம், சம்பளத் தகராறு. 2014-ல் ஒப்பந்தத்தை முறித்தது கிளப். ஆனால் நஷ்ட ஈடு கட்டும்படி உத்தரவானது ஆட்டக்காரருக்கு: 10.5 மில்லியன் யூரோ! அவரைச் சேர்த்துக்கொள்ளும் புதுக் கிளப்பும் அந்தக் கடனுக்கு ஜவாப்தாரி என்று உலகக் கால்பந்துச் சபையின் விதி இருந்தது. ஆகவே பெல்ஜியத்தில் அவரைக் கூப்பிட்ட கிளப் பயந்து ஒதுங்கியது. ஒரு வருஷம் வீணாயிற்று. அந்த விதிகளில் சில ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று 2024 அக்டோபரில்தான் நீதிமன்றம் சொன்னது. பாஸ்மானுக்காக வாதாடிய அதே வக்கீல் டுப்பான்தான் டியாராவுக்காகவும் வாதாடினார். ஒரு தலைமுறைக் காலம் அதே மனிதர் அதே நியாயத்துக்காக அதே வாசலில் நின்றிருக்கிறார். இது பழங்கதை என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘சின்னக் கிளப்புகள் பையன்களை வளர்த்து விற்றுத்தானே பிழைக்கின்றன? அவை அழிந்துபோகுமே?’ என்பது மூன்றாவது வாதம். இதில் சத்தியம் இருக்கிறது. வளர்த்ததற்குக் கூலி கொடுக்கட்டும். பெரிய கிளப்புகளின் லாபத்தில் சின்னவற்றுக்குப் பங்கு வைக்கட்டும். அதற்கு எத்தனையோ வழி உண்டு. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியாருக்குத் தட்சிணை கொடுக்கிறோம். அதற்காகப் பிள்ளையை அவரிடமே அடகு வைத்துவிடுவதில்லை.

கடைசியாக நன்றி என்ற சொல்லைப் பற்றி. நன்றி உயர்ந்த குணம். ஆனால் எப்போதும் ஒரு பக்கமாகவே பாய்கிற நன்றி நன்றியல்ல, அது கயிறு. முழங்கால் உடைந்துபோன ஆட்டக்காரரைக் கிளப் விலக்கும்போது, அதை யாரும் நன்றி கெட்ட செயல் என்று சொல்வதில்லை, நிர்வாகம் என்கிறார்கள். மூன்று பந்தயம் தோற்றால் மானேஜரையே முதலாளி வீட்டுக்கு அனுப்புகிறான். அதற்கும் நிர்வாகம் என்றே பெயர். ஆட்டக்காரர் நான் போகிறேன் என்று சொன்னால் மட்டும் துரோகம். யாரை விற்க முடியுமோ அவரிடம் மட்டும் விசுவாசத்தை எதிர்பார்ப்பது விசித்திரமான தர்மம்.

ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 2024 டிசம்பரில், தம் எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். 1966-ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக் குழுவில் அவர் இருந்தார். ஆனால் ஒரு பந்தயத்திலும் களத்தில் இறங்கவில்லை. 1972-ல், முப்பத்தைந்து வயதில், லீக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் ஸ்டோக் சிட்டிக்காக வெற்றி கோலை அடித்தார். இன்று டெலிவிஷனில் வருகிற ஆட்டக்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ!

நாளைக் காலையில் என் நண்பர் மறுபடியும் வருவார். இன்னொரு சண்டை, இன்னொரு ஆட்டக்காரர், இன்னொரு விலை. சண்டையில் யார் பக்கம் வேண்டுமானாலும் அவர் பேசட்டும். அது ரசிகரின் உரிமை. நான் அவரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் செய்துகொள்ளப் போகிறேன். அந்த ஆட்டக்காரரையும் ‘அவர்’ என்று சொல்லுங்கள், சார். மற்ற நியாயங்களைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.